மூன்று பேருக்கு இரண்டு படுக்கை

இடது கன்னம் முடிந்து ஒடெட் சவரக்கத்தியை வெந்நீரில் அலசும்போது அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தானே?" என்றார்.

அவள் வலது கன்னத்தில் நுரையைத் தடவினாள். காலை ஆறு மணி. வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலை முன்னறையில், துறைமுகம் தெரிகிற ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். வெளியே பிப்ரவரி மாதத்துச் சாம்பல் வெளிச்சம். மீன்படகு ஒன்று கிளம்ப மனமில்லாமல் இருமிக்கொண்டிருந்தது.

"நீலச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டியிருக்கே. நாலு நாளா சாப்பிடும்போது உதட்டை அசைச்சுக்கிட்டே இருக்கே. எங்கயோ பேசறதுக்கு மனப்பாடம் பண்றே. எனக்குப் போனது நெஞ்சுதான், கண்ணு போகல."

"வாயை மூடுங்கப்பா. வெட்டிடும்."

"என்னன்னு நான் கேக்கல. நீயும் சொல்ல வேணாம். போயிட்டு வா, அவ்வளவுதான்."

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஒடெட் கத்தியை வைத்துவிட்டு, பிராணவாயுக் குழாயை மூக்கில் சரியாகப் பொருத்தினாள். முந்தின நாள் மாலை நர்ஸ் காலீன் அவர் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள், மூணு நாள். இன்னிக்கேகூட இருக்கலாம்" என்று சொல்லியிருந்தாள்.

கில்பெர்ட்டோ ரெசெண்டெஸ் மீனவர் வீட்டுப் பிள்ளை. பதினாறு வயதில் தகப்பனாரோடு படகில் போய், மூன்று நாளும் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பியவர். அதற்குப் பிறகு காலை நனைக்காமல் கடலுக்கு வேலை செய்கிற வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார். குரோட்டன் கப்பல் கட்டும் யார்டில் நாற்பத்தொரு வருஷம் நீர்மூழ்கிக் கப்பல்களின் உள்பகுதியை வரைந்தார். எந்தக் குழாய் எந்தக் குழாய்க்கு மேலே போக வேண்டும், மேஜை எங்கே, அடுப்பு எங்கே, ஆட்கள் எங்கே படுப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. ஒடெட் இருபத்து மூன்று வயதில் அதே யார்டில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் அப்பாவும் மகளும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்பினார்கள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடற்படை ரகசியம், பேசக் கூடாது. அவர் பார்க்கிற வரைபடம் அவளுக்கு இல்லை, அவள் பார்ப்பது அவருக்கு இல்லை. "என் வீட்டுல மழையையும் மீனையும் விட்டா பேசறதுக்கு ஒண்ணும் கிடையாது" என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ரகசிய வரைபடங்களைப் பார்க்க அவருக்கிருந்த அனுமதியும் போயிற்று. ஒடெட்டுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அடுத்த தலைமுறைத் தாக்குதல் நீர்மூழ்கியைத் திட்டமிடுகிற குழுவில், ஆட்கள் தங்கும் பகுதிக்கு அவள் பொறுப்பு. அந்தக் கப்பலுக்கு இன்னும் பெயர்கூடக் கிடையாது. நான்கு விதமான வரைபடங்களாகப் பூட்டிய அறைக்குள் இருந்தது. அந்த வகையில் முதல் கப்பல் தண்ணீரில் இறங்கும்போது ஒடெட் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பாள்.

அன்று நான்கை இரண்டாகக் குறைக்கப்போகிறார்கள். வாஷிங்டனிலிருந்து கடற்படை ஆட்கள் வந்திருந்தார்கள். எந்த இரண்டு தங்கும், எந்த இரண்டு போகும் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

துவார்த்தே இரண்டு கோப்பை காபியோடு சமையலறையிலிருந்து வந்தான். அவளைவிட எட்டு வயது இளைய தம்பி. நியூ பெட்ஃபர்டில் மீன் பதனிடும் இடங்களில் குளிர்சாதனம் பழுது பார்க்கிறவன். அப்பாவுக்கு முடியவில்லை என்றதும் மூன்று வாரமாக இங்கேயே இருந்தான். அக்காளின் காலில் வெளியே போகிற காலணியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"எங்க கிளம்பிட்டே?"

"யார்டுக்கு. மதியத்துக்குள்ள வந்துடுவேன்."

"நேத்து காலீன் சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"வேற யாரையாவது பண்ணச் சொல்லு. அவ்வளவு பெரிய யார்டுல உன்னை விட்டா ஆளே இல்லையா?"

"இன்னிக்கு நான்தான் இருக்கணும், துவார்த்தே."

"எதுக்கு?"

அவள் துண்டால் அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். வலது கன்னம் இன்னும் பாதி பாக்கி.

"அதைச் சொல்ல மாட்டே. சரி. இந்த வீட்டுல பொறந்துட்டு அதைக் கேட்டது என் தப்பு." அவன் கோப்பையை வைத்துவிட்டுச் சவரக்கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "குடு. நான் முடிக்கிறேன்."

கூட்டம் நடக்கும் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. கதவுக்கு வெளியே சிறு சிறு பெட்டிகள் இருக்கும். அதில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசல் மேஜையில் ஒரு தொலைபேசி உண்டு. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். "எது ஒண்ணுன்னாலும் இதுக்கு அடி. அங்க இருக்கிற அம்மா எனக்கு உடனே சொல்லிடுவாங்க."

கிளம்பும்போது அப்பாவின் காதருகே குனிந்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "அவன் கோவிச்சுக்குவான். நான் சொல்லிக்கிறேன் அவன்கிட்ட" என்றார்.

அவர் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். துவார்த்தேவுக்குத்தான் தெரியாது.

துவார்த்தே இருபது வயதில் கடற்படையில் சேர்ந்து ஆறு வருஷம் நீர்மூழ்கியில் இருந்தவன். அந்தக் கப்பலில் இருக்கிற ஆட்களைவிடப் படுக்கைகள் குறைவு. இளையவர்கள் மூன்று பேருக்கு இரண்டு படுக்கை. ஒருவன் காவல் முடித்து வரும்போது இன்னொருவன் எழுந்து போவான். எழுந்தவனின் சூட்டிலேயே வந்தவன் படுத்துக்கொள்வான். முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவனிடம் அம்மா, புது விரிப்பு போட்டிருக்கிறேன், நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டாள். "இல்லம்மா. மெத்தை ஜில்லுனு இருக்கு, தூக்கம் வரல. இன்னொருத்தன் சூடு இருந்தாத்தான் இப்பல்லாம் தூக்கம் வருது" என்று சொல்லி அவனே சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அப்பா சூப்பில் போட்ட கரண்டியை எடுக்கவில்லை. அதை அப்படியே விட்டு, எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

ஏன் என்று ஒடெட்டுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவின் நினைவுப் பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவள் கேட்காமலே அப்பா சொன்னார். "அது என் மேஜைக்கு வந்த வரைபடம். முதல்ல எல்லாருக்கும் படுக்கை போட்டிருந்தேன். வேற ஏதோ ஒரு சாமானுக்கு இடம் பத்தல, படுக்கைப் பக்கத்துலேர்ந்து எடுங்கன்னாங்க. எடுத்தேன். ஒரு மத்தியானம்தான் ஆச்சு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள கையெழுத்து போட்டுட்டேன். அப்ப இவன் ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்தான்." பிறகு, "இவன்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

*

கூட்டம் எட்டரைக்குத் தொடங்கியது. ஜன்னல் இல்லாத அறை. நீண்ட மேஜையைச் சுற்றிப் பதினாறு பேர். முதலில் உந்துவிசைக்காரர், அடுத்து சத்தத்தைக் குறைப்பவர், அதற்கடுத்து ஆயுதக்காரர். ஒவ்வொருவரும் இடம் கேட்டார்கள். கப்பலின் சுற்றளவு முடிவாகிவிட்டது. நீளம் அரை அடி கூடினாலும் எடை கூடும், எடை கூடினால் வேகம் குறையும். எனவே ஒருவர் வாங்குகிற இடம் இன்னொருவரிடமிருந்து போக வேண்டும். ஆளில்லாச் சிறு கலங்களை ஏற்றிச் செல்ல இடம் கேட்டவர் வரைபடத்தில் ஒரு பகுதியைச் சிவப்பால் வட்டமிட்டுக் காட்டினார். நான்கில் ஒன்றில் மட்டும், எல்லாருக்கும் படுக்கை வைத்து ஒடெட் மூன்று வருஷமாக வரைந்து வைத்திருந்த அறைதான் அது.

அவளுக்கு முன்னால் பேச வேண்டியவர் முடிக்கப்போகும் நேரம். பத்து இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. வாசல் மேஜைக்காரி திருமதி பூத்ரோ ஓசைப்படாமல் வந்து அவள் கையில் மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். மேஜைக்குக் கீழே பிரித்துப் பார்த்தாள். "தம்பி பேசினார். மூச்சு மாறிவிட்டதாம். வரச் சொன்னார்."

அதை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள்.

"மிஸ் ரெசெண்டெஸ், நீங்கதான் அடுத்து" என்றார் குழுத் தலைவர் ஹேஸ்கல்.

இப்போது எழுந்து, என் அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொன்னால், அத்தனை பேரும் எழுந்து வழிவிடுவார்கள். யாராவது ஒருவர் காரில்கூடக் கொண்டுபோய் விடுவார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அவளுடைய பக்கத்தை ஒரு நிமிஷம் புரட்டிவிட்டு, சிவப்பு வட்டத்துக்கு ஒப்புக்கொள்வார்கள். கெட்ட எண்ணத்தினால் அல்ல. பேச ஆள் இல்லாத இடம் அப்படித்தான் போகும். அப்பா சொன்ன அந்த மத்தியானத்திலும் அப்படித்தான் போயிருக்கிறது.

ஒடெட் சீட்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து பேசினாள். மனப்பாடம் செய்திருந்ததால் வாய் தானாகப் போயிற்று. ஆறு மணி நேரத் தூக்கம் நான்கு மணி நேரமானால் ஒரு மாலுமி எத்தனை தவறு செய்கிறான் என்பதைக் காட்டினாள். படிக்கட்டைத் திருப்பிப் போட்டால், உணவுக் கிடங்கைத் தரைக்குக் கீழே இறக்கினால், எல்லாருக்கும் ஒரு படுக்கை கிடைக்கிற விதத்தைக் காட்டினாள். சிறு கலங்களுக்கும் முக்கால்வாசி இடம் மிஞ்சியது.

கடற்படைக் கேப்டன் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தார். "அறுபது வருஷமா நம்ம பசங்க இப்படித்தான் தூங்கறாங்க, மிஸ் ரெசெண்டெஸ். நானும் தூங்கியிருக்கேன். யாரும் செத்துப்போயிடல."

"தூங்கறாங்கன்னு நாம எழுதி வெச்சிருக்கோம், சார். அவங்க கண்ணை மூடிட்டு மட்டும்தான் இருக்காங்க."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க கப்பல்ல இருந்திருக்கீங்களா?"

"இல்ல சார். என் தம்பி இருந்தான். இந்தக் கப்பல்ல படுக்கப்போறவன் இன்னும் பொறக்கவே இல்ல. அவன் வந்து இந்த அறையில கேக்க முடியாது. அதனால நான் கேக்கறேன்."

இன்னும் இரண்டு கேள்விகள் வந்தன. பதில் சொன்னாள். பிறகு காகிதங்களை அடுக்கி ஹேஸ்கலிடம் கொடுத்துவிட்டு, "நான் வீட்டுக்குப் போகணும். அப்பாவுக்கு முடியல" என்றாள். அவர் அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒடெட், இது எப்ப வந்துச்சு?"

அவள் அதற்குள் கதவருகே போயிருந்தாள்.

*

பதினொன்றே காலுக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். துவார்த்தே வாசற்படியில் கோட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"பதினொண்ணு நாலுக்கு" என்றான்.

உள்ளே காலீன் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தாள். பிராணவாயு இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். மூன்று வாரமாக ஓடின சத்தம் நின்றதால் வீடு காது அடைத்தது போல இருந்தது. அப்பாவின் இரண்டு கன்னமும் வழுவழுவென்று இருந்தன. மோவாய்க்குக் கீழே சிறிதாக ஒரு வெட்டு. துவார்த்தே அதில் காகிதத் துணுக்கை ஒட்டியிருந்தான். ஒடெட் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது.

"கஷ்டப்படல" என்றாள் காலீன். "நீ போன கொஞ்ச நேரத்துல தூங்கிட்டார். அப்புறம் முழிக்கவே இல்ல. தம்பி கூடவே இருந்தான்."

"எதாவது பேசினாரா? அவன்கிட்ட?"

"இல்லம்மா. ஒண்ணும் பேசல."

அவளுக்கு அழுகை வரவில்லை. காகிதத் துணுக்கை ஈரப் பஞ்சால் நனைத்து எடுத்தாள்.

பிறகு சமையலறையில், ஈமச் சடங்குக்காரர்கள் வருவதற்குள், துவார்த்தே கேட்டான். குரலை உயர்த்தவில்லை. "பத்து இருபதுக்கு போன் பண்ணினேன். அந்தம்மா உன் கையிலயே குடுத்துட்டேன்னு சொன்னாங்க. இங்கேர்ந்து யார்டு இருபத்தஞ்சு நிமிஷம். உடனே கிளம்பியிருந்தா அவர் மூச்சு இருக்கும்போது வந்திருப்பே."

"ஆமா."

"ஆமாவா?"

"ஆமா. வந்திருப்பேன்."

"அவ்வளவு நேரம் என்ன பண்ணே அங்க?"

அப்பாதான் போகச் சொன்னார் என்று சொல்லலாம். ஏன் சொன்னார் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்ல அப்பாவை, அவர் போட்ட கையெழுத்தை, பக்கத்து அறையில் கிடக்கிறவரிடமிருந்து எடுத்து இவன் முன்னால் வைக்க வேண்டும். அறையில் பேசியதையோ எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. குளிர்பெட்டிக் கதவில் அவள் ஒட்டிய எண் இன்னும் இருந்தது.

"பேசிட்டிருந்தேன்" என்றாள்.

துவார்த்தே தலையாட்டினான். குழாயைத் திறந்து, காபிக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தான்.

*

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர்களுக்குள் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. எந்த சூட், எந்தப் பெட்டி, எத்தனை கார். பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுதும்போது மட்டும் அவன் கணினியின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா என்ன வேலை பார்த்தார்னு போடறது?" என்றான்.

"யார்டுல வரைஞ்சார்னு போடு."

"என்ன வரைஞ்சார்?"

"கப்பல்."

அவன் அப்படியே அடித்தான். அடித்ததை ஒரு முறை வாசித்தான். கீழே, இரண்டு பிள்ளைகள் என்று சேர்த்தான்.

சனிக்கிழமை பூசைக்குப் பிறகு பரிசுத்த ஆவி சங்கத்துக் கூடத்தில் சாப்பாடு. கீரையும் தொத்திறைச்சியும் போட்ட சூப், இனிப்பு ரொட்டி. மீன்படகுக்காரர்கள் ஒரு பக்கம், யார்டு ஆட்கள் ஒரு பக்கம். அப்பா இரண்டு கூட்டத்துக்கும் வேண்டியவர். இரண்டு கூட்டமும் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தது, கடலில் மூன்று நாள் வாந்தி எடுத்த கதையைத்தான்.

ஹேஸ்கல் மனைவியோடு வந்திருந்தார். துவார்த்தேவின் கையைக் குலுக்கினார். ஒடெட்டின் கையைக் குலுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பாகிட்ட நான் வேலை பழகினேன்" என்று எல்லாரும் சொல்வதைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த சுற்றுக்கு ரெண்டு போகுது. ஒண்ணு உன்னுது" என்றார். அவ்வளவுதான். மனைவியைக் கூட்டிக்கொண்டு சூப் வாங்கப் போய்விட்டார்.

"என்ன ஒண்ணு?" என்றான் பக்கத்தில் நின்ற துவார்த்தே.

"வேலை."

"துஷ்டிக்கு வந்த இடத்துலயும் வேலையா?"

"ஆமா."

அவன் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எதையோ இறக்கி வைத்தவள் போல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை, மீந்த ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான். "எதைப் பத்தின்னு கேக்கல. ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு நீ பேசினது முக்கியமா?"

"ஆமா."

"யாருக்கு?"

ஒடெட் காகிதத்தை மடித்த கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் சொல்லப் பார்ப்பது போலப் பார்த்தாள். முதலில் கண்ணை எடுத்தவன் துவார்த்தேதான்.

"சரி விடு" என்றான். "நான் திங்கக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன்."

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஒடெட் யார்டுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். முன்னறையில் கட்டில் போட்டிருந்த இடத்தில் தரைவிரிப்பு நான்கு இடங்களில் பள்ளமாக இருந்தது. துவார்த்தேவின் அறைக் கதவு திறந்திருந்தது, படுக்கை மடிக்கப்பட்டிருந்தது. கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே எங்கோ வறக் வறக் என்று சத்தம் கேட்டது.

வாசற்கதவைத் திறந்தாள். இரவு உறைந்த பனி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவளுடைய காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் புகை மண்டியது. துவார்த்தே குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்கண்ணாடியில் கெட்டியாகப் பிடித்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்து ஓட்டும் பக்கத்துப் பாதி முடிந்திருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் அந்தப் பக்கம் சுற்றிப் போய், மறுபாதியையும் சுரண்ட ஆரம்பித்தான்.